வரவு இடாப்பில் பத்தொன்பது வயது

1

மே மாதம் வந்தால் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கும். வீட்டு வாசல்களில் ரியூலிப் பூக்கும். தமிழ்க் கடைக் கண்ணாடிகளில், போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களுக்கான நினைவுநாள் நோட்டீஸ் ஒட்டப்படும். இந்த வருடம் மில்லிக்கனில் நான் மீன் வாங்கும் கடையில், திருக்கை மலிவு என்ற அறிவித்தலுக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டியிருந்தார்கள். வரிசையில் நின்ற எல்லோரும் முதலில் திருக்கையைத்தான் வாசித்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ, அதில் பாதி சரிதான்.

ஆனால் இந்த மே எனக்கு வேறு மாதிரிப் போனது. யாருக்காவது சொல்லாவிட்டால் நெஞ்சு அடைக்கும் போலிருப்பதால் எழுதுகிறேன்.

நான் இங்கே வந்து இருபத்தேழு வருடம். அதில் இருபது வருடம் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். முதுகு போனதும் வேலையும் போனது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில், கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர். மக்கள் நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அதில் நான் கெட்டிக்காரன். வெயிலில் மூன்று மைல் நடந்து வந்தவரைக்கூட, ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். அந்தக் காலத்தில் அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாரியில் என் மகள் அபிரா ஒரு விளம்பரம் பார்த்துச் சொன்னாள். மோர்னிங்சைட்டில் ஒரு தேவாலயம். அவர்களுடைய திருச்சபை, போர் முடிந்த பிறகு வன்னியில் ஒரு சமாதானத் திட்டத்துக்கு வருடக்கணக்காகப் பணம் அனுப்பியிருக்கிறது. அங்குள்ள பங்குத்தந்தைமார் அதை நடத்தியிருக்கிறார்கள். தமிழ்க் கிராமத்துச் சனத்தையும் தெற்கிலிருந்து சிங்களக் கிராமத்துச் சனத்தையும் பஸ்ஸில் ஏற்றி, ஒரே மண்டபத்தில் இருத்தி, பேசவைத்து, சமைக்கவைத்து, பாடவைத்து அனுப்புவது. திட்டம் முடிந்துவிட்டது. அதனால் என்ன பலன் என்று இப்போது மதிப்பீடு செய்கிறார்கள். பங்குபற்றியவர்களோடு தொலைபேசியில் தமிழில் கதைக்க ஆள் வேண்டும்.

நான் சைவக்காரன், கோயிலுக்கே வருடத்தில் நாலு தரம் போனால் பெரிய காரியம். அதுவே நல்லது என்றார் மார்கரெட். அவர்தான் மதிப்பீட்டுக்குப் பொறுப்பு, ஓய்வுபெற்ற பேராசிரியை, நல்ல மனுசி. உள்ளூரில் உள்ளவர்கள் கேட்டால் சனம் ஃபாதருக்கு மரியாதைக்காக நல்லதையே சொல்லுமாம், ரொறொன்ரோவிலிருந்து ஒரு வெளியாள் கேட்டால் உண்மை வருமாம். எங்கள் சனத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

2

தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் எனக்கு ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு கணினி. காலை ஏழு மணிக்குப் போவேன். அங்கே பின்னேரம் நாலரை, சனம் வேலை முடித்து ஆறியிருக்கும் நேரம்.

கேள்விகளை மார்கரெட் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், நான் தமிழாக்கினேன். 'இத்திட்டத்தின் பின்னர் மற்றைய சமூகத்தின் மீதான உங்கள் நம்பிக்கை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு?' என்று ஒரு கேள்வி. முதல் நாள் ஒரு கிழவர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்களுக்கு எத்தனை வேணும் என்று திருப்பிக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பிறகு நாலு என்று போட்டேன். அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டார், நானும் அப்படியே.

இந்தத் திட்டத்தின் பெரிய வெற்றி இளைஞர்கள் என்று முந்திய அறிக்கைகள் சொல்லின. வந்தவர்களில் பாதிக்கு மேல் இளம் ஆண்கள். போரால் அதிகம் பாதிக்கப்பட்ட வயதுக்காரர் சமாதானத்தைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று தலைமையகத்துக்குப் பெருமை. ஆகவே அடுத்ததாக அவர்களோடு கதைக்கும்படி மார்கரெட் சொன்னார். பட்டியலில் முதல் பெயர் யூட் அன்ரன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கரையோரக் கிராமம். நான்கு வருடம், ஒரு கூட்டம் தவறாமல் வந்திருக்கிறார்.

ஒரு பெண் எடுத்தார். வணக்கம் சொல்லி, எழுதிவைத்தபடி வாசித்தேன்.

“யூட் அன்ரன் நிக்கிறாரோ? அவரோடை ஒரு பத்து நிமிசம் கதைக்கலாமோ?”

சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

“ஆர் கதைக்கிறது?” என்றார். “எங்கையிருந்து கதைக்கிறியள்?”

“கனடாவிலையிருந்து, அம்மா.”

பிறகு அவருடைய குரல் மாறிப்போய் வந்தது.

“தம்பி, அவன் உங்களோடையோ நிக்கிறான்?”

எனக்கு அறுபத்தொரு வயது. தம்பி என்று என்னை இப்போது ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போரின் கடைசி நாட்களில் காணாமற்போன பிள்ளை. பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்தத் தாய் தேடுகிறார். நான் பேர் சொல்லி, அவர் நிற்கிறாரா என்று கேட்டிருக்கிறேன்.

இல்லை அம்மா, பிழையாகக் கேட்டுப்போட்டன் என்று சொன்னேன். தேவாலயம், திட்டம், பட்டியல் என்று உளறினேன். அவர் தொலைபேசியை வைக்கவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு பெண், என்ன பிலோமினா, என்ன என்று கேட்பது கேட்டது. கடைசியில் நான்தான் வைத்தேன்.

ஒவ்வொரு அழைப்புக்கும் கணினியில் ஒரு விடை தெரிவு செய்யவேண்டும். கதைத்தாயிற்று, பதில் இல்லை, பிழையான இலக்கம், மறுத்துவிட்டார். நாலையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்றையும் அழுத்தாமல் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

3

அபிராவுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல பிள்ளை, ஆனால் எங்கள் வீட்டுக்குள் விருந்துக்கு வந்தவள் போல இருப்பாள். தமிழ் விளங்கும். கதைத்தால் பாதியில் ஆங்கிலத்துக்கு ஏறிவிடுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எட்டு வயதில் விட்டவள், நானும் வேலை வேலை என்று விட்டுவிட்டேன். ஊர்க் கதை எடுத்தால் போனைப் பார்ப்பாள். அதில் எனக்குக் கோபம் வந்து, பிறகு கோபமும் அலுத்துப் போயிருந்தது.

அன்று என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். மூலத்தாள்களைப் பார்த்தீர்களா என்றாள். எனக்குத் தோன்றாததை அவள் கேட்டாள். கூட்டத்துக்கு வருபவர்கள் வாசலில் பெயர் எழுதிக் கையொப்பம் வைக்கும் வரவு இடாப்புத் தாள்கள் எல்லாம் படமெடுத்துக் கணினியில் இருந்தன. இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அவள் சிரித்தாள். “அப்பா, இந்த யூட் நாலு வருசமும் நைன்ரீன். ஹீ நெவர் ஏஜஸ்.”

நான் பார்த்தேன். உண்மைதான். பெயர் யூட் அன்ரன், வயது பத்தொன்பது. அடுத்த வருடமும் பத்தொன்பது, அதற்கடுத்த வருடமும். அவருக்குக் கீழே இன்னொருவர், நாலு வருடமும் இருபத்திநாலு. பக்கம் பக்கமாக வயது ஏறாத இளைஞர்கள். கையொப்பங்கள் மட்டும் வயதான பெண்களின் நடுங்கிய கையொப்பங்கள். தட்டச்சு செய்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. மூன்று கண்டங்களில் இருந்த மேலாளர்களும் கவனிக்கவில்லை.

“அவையள் காணாமப்போன பிள்ளையள்,” என்றேன். “தாய்மார் தங்கட பேருக்குப் பதிலா எழுதியிருக்கினம்.”

அபிரா சிரிப்பை நிறுத்தினாள். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

இந்தப் பிழை எனக்குப் பழக்கமானது. கச்சேரியில் என் கடைசி இரண்டு வருடங்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வரிசையில் நின்றார்கள். முகாம், பொலிஸ், ஆணைக்குழு, கச்சேரி என்று எங்கே போனாலும் ஒரு தாளை நீட்டிப் பெயர் என்று கேட்பார்கள், அவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள். நாளடைவில் 'பெயர்' என்று ஒரு கட்டத்தைக் கண்டாலே கை தானாகப் பிள்ளையின் பெயரை எழுதிவிடும். விண்ணப்பதாரியின் பெயர் என்ற இடத்திலும் மகனுடைய பெயர்தான் இருக்கும். அம்மா, உங்கட பேரை எழுதிக்கொண்டு நாளைக்கு வாங்கோ என்று நான் திருப்பி அனுப்புவேன். எத்தனை பேரை அனுப்பினேன் என்று கணக்கில்லை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

மார்கரெட்டிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எழுத்தில் தரச் சொன்னார். 'பங்குபற்றியோர் படிவத்தைத் தவறாக விளங்கிக்கொண்டமை' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நல்ல கவனம் என்று பாராட்டினார். பழைய எழுதுவினைஞனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் வந்ததையும் மறைக்கமாட்டேன்.

ஆனால் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுபடி எடுத்தேன். பிலோமினா அக்கா என்னை ஏசவில்லை. நீங்கள் என்ன தெரிந்தா கேட்டீர்கள் என்றார். அந்தத் தாள் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கானது, காணாமற்போனவர்களின் பதிவு இல்லை, தாள் அடித்தவர்கள் அதை விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் பக்குவமாக விளங்கப்படுத்தினேன். அவர் முடிக்கவிட்டுத்தான் பேசினார்.

“எனக்குத் தெரியும், தம்பி. முதல்தரம்தான் மாறி எழுதினது. ஃபாதர் கண்டிட்டு, பிள்ளை, இது வந்த ஆக்களின்ரை பேர் எண்டு சொன்னவர். அடுத்தமுறை தெரிஞ்சுதான் எழுதினனான்.”

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“இத்தினை வருசமா எத்தினை லிஸ்ற்றிலை பேர் குடுத்தனான். எல்லாத்திலையும் அவனைக் காணேல்லை எண்டுதான் கிடக்கு. இதொண்டிலைதான் வந்தவன் எண்டு கிடக்கு.”

மற்றத் தாய்மாரும் அவரைப் பார்த்து எழுதத் தொடங்கினார்களாம். ஃபாதருக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருந்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார். தெற்கிலிருந்து வந்தவர்களில் சோமாவதி என்று ஒரு தாய். இவருக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. சோறு சமைக்கும்போது பக்கத்தில் இருந்து காய் நறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் வாசலில் இவர் எழுதுவதைச் சோமாவதி பார்த்துக்கொண்டு நின்றாராம். இவர், தான் எழுதிய பெயரைத் தொட்டுக்காட்டி, நெஞ்சைத் தொட்டு, கையை விரித்துக் காட்டியிருக்கிறார்.

“அவவின்ரை மகன் ஆமி. அவனையும் காணேல்லை. என்ரை கையிலை இருந்த பேனையை வேண்டி தானும் எழுதினவ. எழுதிப்போட்டு என்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ.”

கச்சேரியில் பதவி உயர்வுக்காக நான் சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ணினவன். அதனால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். அன்றே தாள்களைத் திறந்து பார்த்தேன். இருந்தது. நிமல், வயது இருபத்தொன்று. அவருக்குக் கீழே சிங்களத்தில் இன்னும் சில பெயர்கள், அவையும் வயது ஏறாதவை. அந்த வரிகளில் தமிழும் சிங்களமும் கலந்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கிடந்தன.

மார்கரெட்டின் கேள்விக்கொத்தில், திட்டம் சொல்லாமல் இரண்டு சமூகமும் தாங்களாகவே சேர்ந்து செய்த காரியம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. அதுவரை நான் கதைத்த எல்லோரும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள்.

5

மார்கரெட் தன்னால் ஆனமட்டும் பாடுபட்டார். இத்தனை வருடத் திட்டத்தில் உண்மையாக நடந்த சமாதானம் இது ஒன்றுதான் என்று தலைமையகத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். பதில் மரியாதையாக வந்தது. மிகவும் மனத்தைத் தொட்டதாம். எனினும் கூட்டத்துக்கு வராத ஆட்களின் பதிவுகளை வந்தவர்களாகக் கணக்கில் வைத்திருக்க முடியாது, நீக்கவேண்டும். விரும்பினால் அந்தத் தாயின் கதையைப் படத்தோடும் சம்மதக் கையொப்பத்தோடும் பின்னிணைப்பில் ஒரு பக்கம் சேர்க்கலாம்.

அவர்கள் சொன்னதில் பிழை பிடிக்க என்னால் முடியவில்லை. நானும் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பிலோமினா அக்காவிடம் சம்மதம் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. படம் என்றதும் அவர் மறித்தார்.

“நான் உங்களுக்குச் சொன்னது, தம்பி. புத்தகத்துக்குச் சொல்லேல்லை. கதை ஒண்டும் வேண்டாம். பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.”

பார்க்கிறேன் அக்கா என்றேன். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நீக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த ஆள் அங்கே வேறு இல்லை. நான் செய்யாவிட்டால் வேறு யாரோ ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தேன். அபிரா வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு பெயரையும் தெரிவுசெய்தால், நிச்சயமாக நீக்கவா என்று கணினி கேட்கும். அபிரா, கொஞ்சம் பொறுங்கோ அப்பா என்றாள். மூலத்தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். எட்டு வயதில் விட்ட இடத்திலிருந்து வாசிப்பது போலத்தான் இருந்தது. ழகரமும் ளகரமும் அவளுக்கு ஒன்றுதான். நான் திருத்தவில்லை. அவள் வாசித்து முடித்த பிறகே நான் அழுத்தினேன். அப்படியே ஒவ்வொன்றாகச் செய்தோம். மத்தியானம் ஆகிவிட்டது. யூட் அன்ரனைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவள் வாசித்தாள். என்னால் அழுத்த முடியவில்லை. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அழுத்தினேன்.

திருத்திய கணக்கில் இளைஞர் பங்கு அநேகமாக ஒன்றுமில்லாமல் போயிற்று. திட்டம் தன் இலக்கை ஓரளவே அடைந்தது என்று அறிக்கையில் எழுதினார்கள்.

6

சென்ற சனிக்கிழமை மத்தியானம் அதே தேவாலய மண்டபத்தில் அறிக்கை வெளியீடு. கோப்பி, கேக், பழத்துண்டுகள், வரிசையாகக் கதிரைகள். அபிராவும் வந்தாள். ஒரு வேலையும் இல்லை, சும்மா வாறன் என்றாள்.

வாசலில் ஒரு மேசை. அதில் பேனையோடு ஒரு தாள். பெயர், வயது, ஆண் பெண், தொலைபேசி, கையொப்பம். தலைமையகம் உலகம் முழுக்க ஒரே அச்சைத்தான் அனுப்புகிறது. வன்னிக்குப் போன அதே தாள் எழுத்து மட்டும் ஆங்கிலமாக என் முன்னால் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற கனேடியர் ஒருவர் வயதுக் கட்டத்தைப் பார்த்து முகம் சுழித்து வெறுமையாக விட்டுவிட்டுப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் என்னைப் பார்த்துச் சிரித்து, இந்தக் கூட்டமும் திட்டத்தின் கணக்கில் சேரும், தயவுசெய்து எழுதுங்கள் என்றார்.

நான் பேனையை எடுத்தேன். என் பெயரை எழுதத்தான் போனேன் என்று சத்தியம் பண்ணலாம்.

யூட் அன்ரன் என்று தமிழில் எழுதினேன். வயதுக் கட்டத்தில் பத்தொன்பது. கையொப்பம் வைத்தேன். அடுத்த வரியில் நிமல் என்று சிங்களத்தில் எழுதினேன். என் கை அந்த எழுத்தை எழுதி இருபத்தேழு வருடம், இரண்டு தரம் வெட்டி எழுதவேண்டியிருந்தது. வயது இருபத்தொன்று. அதற்கும் கையொப்பம் வைத்தேன். என் பெயருக்கு இடம் இருந்தது, எழுதவில்லை. கச்சேரியில் என்னிடம் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் கிழித்துக் கையில் கொடுத்திருப்பேன்.

அபிரா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பேனையை வாங்கி, அந்த இரண்டு பெயருக்கும் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினாள். பிறகு உள்ளே போய் இருந்து கடைசிவரை கேட்டோம். மார்கரெட் நன்றாகவே பேசினார். ஆனால் அவர் பேசியதில் அரைவாசி என் காதில் விழவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து என் சொந்தப் போனில் எடுத்தேன். வேலை முடிந்துவிட்டது, இனி எந்தக் கட்டத்தையும் நிரப்பத் தேவையில்லை. பிலோமினா அக்கா வலை காயவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், காற்று இரைந்தது. சுற்றிவளைக்காமல் சொன்னேன்.

“அக்கா, அந்தப் பழைய லிஸ்ற்றிலை பேரை வெட்டியாச்சு. வெட்டினது நான்தான்.”

அவர் வாய் திறக்குமுன் நான் தொடர்ந்தேன்.

“இங்கை முந்தநாள் ஒரு கூட்டம் நடந்தது. அதின்ரை இடாப்பிலை எழுதிவிட்டிருக்கிறன். யூட் அன்ரன் வந்தவர் எண்டு கிடக்கு. சோமாவதி அக்கான்ரை மகனும் வந்தவர்.”

“கனடாவுக்கோ?”

“ஓம்.”

காற்று மட்டும் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

“வயது என்னெண்டு போட்டனீங்கள்?” என்று கேட்டார்.

“பத்தொன்பது.”

“ஓம்,” என்றார் பிலோமினா அக்கா. “அதை மாத்திப்போடாதேங்கோ.”